குதிகாலில் ஒரு மணி

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். அந்த விசிறியையும் நிறுத்திவிடுங்கள், புழுங்கினால் புழுங்கட்டும். இந்தக் கதையில் ஒரு சின்ன மணி அடிக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற மணி. அது அடிக்கிறபோது காதில் வாங்காமல் விட்டுவிட்டால் கதையே நழுவிப்போகும், அப்புறம் என்னைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

பட்டணத்தில் டிராமும் பஸ்ஸும் சேர்த்து ஓட்டிய கம்பெனி ஒன்று இருந்தது. இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, அதன் வண்டிகளும் இல்லை. அந்தக் கம்பெனியின் ஷெட்டில், வெயில் இன்னும் தகரக் கூரைமேல் ஏறாத ஒரு காலையில், பொன்னுரங்கம் என்கிற டிராம் டிரைவர் மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் சும்மாதான் இருந்தது. பூட்ஸுக்குள் அடங்கி, குதிகால் தரையில் பதிந்து, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. இதே கால்தான். போன வாரமும் இதே கால்தான். மதிலோரம் பார்க்கக்கூடாது என்று நினைத்தான், பார்த்தான். அங்கே அந்த எண்ணெய் டிரம் கிடந்தது, நசுங்கி, மடிந்து, யாரோ மென்று துப்பியது போல. அதை மனுஷன் என்று வைத்துக்கொள்ளப்பா, குறுக்கே வருகிறான், நிறுத்து பார்ப்போம் என்று சொல்லித்தான் பஸ் டிரையலில் ஷெட்டு மைதானத்து நடுவில் அதை நிறுத்திவைத்தார் கம்பெனி இன்ஸ்பெக்டர் நரசிங்க ராவ். குறுக்கே வருகிறவனைப் பொன்னுரங்கம் பார்த்ததில்லையா? இந்தப் பட்டணத்தில் அவன் வண்டிக்குக் குறுக்கே வராதது எது? தயிர்க்காரி, கல்யாண ஊர்வலம், பிணம், போலீஸ் குதிரை, எல்லாம் வந்ததுதான். வந்தால் குதிகால் தன்னால் இறங்கும். டிராமில் டிரைவர் நிற்கிற பலகையில் ஒரு இரும்புக் குமிழ் உண்டு; குதிகாலால் அதை ஓங்கி மிதித்தால் அடியில் தொங்குகிற மணி டணார் டணார் என்று தெருவையே எழுப்பும். நிறுத்துவது கையின் வேலை, அது அப்புறம். முதலில் மணி. அத்தனை வருஷமும் முதலில் மணி. பஸ்ஸில் அந்த இடத்தில் மணி இல்லை, ஆக்ஸிலேட்டர் இருக்கிறது. டிரம்மைக் கண்டதும் கால் மிதித்தது. மணி கேட்கவில்லை. கேட்காததால் இன்னும் ஓங்கி மிதித்தது. பஸ் எகிறிப் பாய்ந்து டிரம்மை ஏறி மிதித்துவிட்டுத்தான் நின்றது. "பதட்டம்பா உனக்கு," என்றார் ராவ். "அடுத்த வாரம் ரோட்டுல வச்சுப் பார்த்துடலாம். அதோட சரி." அதோடு சரி என்றால் அதோடு சரிதான். தடம் தடமாக டிராமை எடுக்கப்போகிறார்கள். பஸ் ஓட்ட வந்தவன் இருப்பான், வராதவன் வீட்டுக்குப் போவான். ஆனால் அவன் பயந்தது வீட்டுக்குப் போவதற்கல்ல. ரோடு. ரோட்டில் டிரம் நிற்காது. ரோட்டில் மனுஷன் வருவான். பதட்டம் இல்லை சார், கால் சார், என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை சார் என்று சொல்லிவிடலாமா? எந்த வாயால் சொல்வது? கையும் காலும் பேச்சுக் கேட்காதவனுக்கு ஆஸ்பத்திரியில்தான் இடம், ஷெட்டில் இல்லை. சொல்லிவிடுவோம். ராவ் வரட்டும், சொல்லிவிடுவோம்.

ராவ் வரவில்லை. வந்தது கரண்ட். தினமும் இந்த நேரத்துக்குத்தான் ஷெட்டுக் கம்பிகளில் கரண்ட் விடுவார்கள், தினமும் பொன்னுரங்கத்துக்கு மயிர்க்கால் சிலிர்க்கும், இன்றைக்கும் சிலிர்த்தது. இருட்டாகக் கிடந்த அத்தனை டிராமிலும் ஒரே இமைப்பில் விளக்கு. ஒன்றை ஒன்று பார்த்து ஏற்றிக்கொண்டதல்ல, தீக்குச்சி இல்லை, ஊதுகிற வாய் இல்லை, கோயில் கதவு திறந்தாற்போல எல்லாம் சேர்ந்து கண் விழித்தன. வரிசை வரிசையாய், பச்சை வயிறும் மஞ்சள் நெற்றியுமாய், தலைக்குமேல் கம்பு நீட்டி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு. ஓரத்தில் தண்டவாளத்துப் புழுதியை நனைக்கிற தண்ணீர் வண்டி, கர்ப்பிணி மாதிரி. அதற்குப் பக்கத்தில் மேல்கம்பி சரிசெய்கிற கோபுர வண்டி. உயரம் ஒரு மச்சு வீடு, இழுப்பது என்னவோ இரண்டு மாடு. அப்புறம் கிழம் ஒன்று, பக்கச்சுவரே இல்லாத பழைய டிராம், அதைப் பெரியாத்தா என்பார்கள், திருநாள் கூட்டத்துக்கு மட்டும் வெளியே வரும், வளைவில் திரும்பும்போது அது போடுகிற கீச்சொலியைக் கேட்டே தெருக்கோடியில் இருக்கிறவன் ஓடிவருவான். அந்தண்டை வரிசையில் பஸ்கள். மூக்கு நீண்ட பஸ், மூக்கு சப்பிய பஸ், மாடி பஸ். மாடி பஸ்ஸை முதன்முதலில் கொண்டுவந்து நிறுத்தினபோது ஷெட்டு ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே ஏறினார்கள். யாரும் சொல்லவில்லை. தானாகக் கழற்றினார்கள். இதையெல்லாம் மனுஷன்தானே செய்தான், சோறு தின்கிற மனுஷன்தானே, என்று பொன்னுரங்கத்துக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும். சேர்ந்த புதிதில் வந்த அடைப்பு, போகவே இல்லை. இத்தனை பெரிய ஜீவன் உன் கைப்பிடிக்கு நகர்கிறது, நீ யார்? சூளை ஜட்கா ஸ்டாண்டில் குதிரைச் சாணி அள்ளி, குதிரை வண்டி ஓட்டினவன் மகன். அப்பா. அப்பாவை இப்போது நினைக்கக்கூடாது. அப்பா ஜட்கா ஓட்டினார். கூட்டத்தில் புகும்போது சாட்டைக் கழியைத் திருப்பிச் சக்கரத்து ஆரக்கால்களுக்குள் விடுவார், கடகடகடவென்று சத்தம் வரும், ஜனம் விலகும். ஜட்காவை விற்றதற்கு அப்புறமும் அவர் கை அதை விடவில்லை. வாசலில் யாராவது நடந்துபோனால் போதும், படுக்கையில் கிடந்தபடியே விசிறிக் காம்பை ஜன்னல் கம்பியில் ஓட்டுவார். கடகடகட. கண் மூடித்தான் இருக்கும். "ஏன் நைனா அடிக்கிறே?" என்று கேட்டால், "நான் எங்கடா அடிச்சேன்?" என்பார். பொய்யில்லை. அவர் அடிக்கவில்லை, கை அடித்தது. கடைசி மூச்சு போகிறபோதும் அந்தக் கை பாயில் எதையோ தேடி உருட்டியது. அதைப் பார்த்தபோது பயமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று. இந்தக் கைக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது, அப்பா செத்தபிறகும் கை கொஞ்ச நேரம் வண்டி ஓட்டுமோ என்று ஒரு மலைப்பு. இப்போது தன் கால். அப்பாவின் கை ஜன்னலைத்தான் அடித்தது, ஜன்னல் சாகாது.

"இன்னா அண்ணாத்தே, காலுக்குக் கற்பூரம் காட்டப்போறியா? அப்பிடிப் பாத்துனுகீறே!"

தனபாக்கியம்தான். ஷெட்டில் வண்டி கழுவுகிறவள். கையில் வாளி, இடுப்பில் விளக்குமாறு, பின்னாலேயே அவள் ஆடு. அந்த ஆட்டைத் தெரியாதவன் கம்பெனியில் கிடையாது. ராத்திரி ஷெட்டுக்குத் திரும்புகிற டிராம்களின் தரையில் கிடக்கிற பழைய டிக்கெட்டுதான் அதற்குத் தீனி. மயிலாப்பூர் டிக்கெட், தண்டையார்பேட்டை டிக்கெட் என்று பேதம் பார்க்காது. பட்டணம் பூரா அது வயித்துக்குள்ளே சுத்துது என்பான் கண்டக்டர் எத்திராஜ். ஆடு வந்து பொன்னுரங்கத்தின் முழங்காலை முகர்ந்தது. அதில் என்னவோ ஒன்று குறைந்தது. என்ன என்று பிடிபடவில்லை. வந்த விதத்தில் ஒரு பள்ளம் இருந்தது, படியில் ஒரு கல் காணாமல் போனது போல. எதுவாயிருந்தால் என்ன, இப்போது அதுவா முக்கியம்?

"தனம், நீ போன வாரம் அங்கதானே நின்னுனு இருந்தே," என்றான், மதிலோரம் கிடந்ததைக் கைகாட்டாமல். "இன்ஸ்பெக்டர் கிட்ட ஏதாச்சும் சொன்னியா?"

"நான் இன்னாத்துக்கு சொல்றேன்? அவருக்குக் கண்ணு இல்லியா?"

"அவர் என் மூஞ்சியப் பாத்தாரு. நீ என் காலப் பாத்தே."

தனபாக்கியம் வாளியைக் கீழே வைத்தாள். "தரை கழுவறவ வேற எத்தப் பாப்பா? மூஞ்சியெல்லாம் பெரியவங்க பாக்குறது." கொஞ்ச நேரம் அவளும் அந்தக் காலைப் பார்த்தாள், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி. "காலு மேல தப்பே இல்ல அண்ணாத்தே. அது மணியத் தேடுது. கெடைக்கல. அதான் கோவம் வந்து மெதிக்குது. புள்ளை பாலுக்கு அழுதா அடிப்பியா?"

"சிரிப்பு காட்டாதம்மே. இன்னிக்கு ரோட்டுல எவனாச்சும் குறுக்க வந்தான்னா..."

"வருவான். ரோடுன்னா வராம?" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டாள். "நானும் பாரத்துக்கு ஏறுறேன். ஒன் பின்னாடி பெஞ்சு எனக்கு. எத்திராஜண்ணன் கிட்ட சொல்லி வையி, அந்த எடத்துல வேற யாரும் குந்தக்கூடாது."

பாரத்துக்கு ஏறுவது என்பது அந்த ஷெட்டு வழக்கம். காலி பஸ்ஸை யார் வேண்டுமானாலும் ஓட்டுவான், நிறைந்த பஸ்ஸை ஓட்டுகிறவன்தான் டிரைவர் என்று டிரையல் நடக்கிற அன்றைக்கு ஷெட்டில் கையில் வேலை இல்லாதவர்களையெல்லாம் பெஞ்சு பெஞ்சாக ஏற்றிவிடுவார்கள். பிட்டர்கள், கழுவுகிறவர்கள், டிராமுக்குக் காத்திருக்கிற கண்டக்டர்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு, கிண்டல் பண்ணிக்கொண்டு, ஓசியில் லஸ் வரைக்கும் போய்வருகிற குஷி அவர்களுக்கு. பொன்னுரங்கத்துக்கு அது அத்தனையும் உயிர் என்று தோன்றியது. முன்னால் போகிற உயிர், குறுக்கே வருகிற உயிர், இப்போது முதுகுக்குப் பின்னாலும் உயிர். ராவ் வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு. வாயைத் திறந்தான். "சார்," என்றான். "ம், எடு," என்றார் ராவ். கை எடுத்தது. எஞ்சின் உறுமிற்று. அந்த உறுமல் ஸ்டியரிங் வழியாய்த் தோளுக்கு ஏறி, முதுகில் இறங்கி, இதோ இருக்கிறேன் என்றது. டிராமில் இப்படி இல்லை. டிராமில் வழியைத் தண்டவாளம் தீர்மானிக்கும், நீ வேகத்தை மட்டும் பார்த்துக்கொள். இதில் தெரு பூராவும் உன்னுடையது. இடது வலது, போகலாம் போகக்கூடாது, எல்லாம் உன் கைக்குள். இவ்வளவு பெரிய பொறுப்பை ஒரு மனுஷனிடம் கொடுத்துவிட்டு எப்படித்தான் வெற்றிலை மெல்லுகிறார்கள் என்று பின்னால் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்து அவனுக்கு ஆச்சரியமாயிருந்தது. ஷெட்டு வாசல் கேட் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க நிதானமாக, மனசுக்குள் சொல்லிக்கொண்டே, காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்து அழுத்தினான்.

கிணிங்.

ஆடு. ஆட்டு மணி. ஐயோ, அடியில் ஆடு. சக்கரத்துக்குள் ஆடு புகுந்துவிட்டது, தனத்தின் ஆடு, டிக்கெட் தின்கிற ஆடு, இதோ ஏறப்போகிறது என்று அவன் இன்னும் அழுத்தினான். கிணிங் கிணிங் என்று இன்னும் அடித்தது. பஸ் நின்றே விட்டது. பின்னால் எல்லாரும் முன் பெஞ்சில் முட்டிக்கொண்டார்கள். "டேய் ரங்கம், கேட்டத் தாண்டறதுக்குள்ளயே லஸ் வந்துடுச்சா?" என்றான் எத்திராஜ். பொன்னுரங்கம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். ஆடு ஷெட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. முழுசாக, அசைபோட்டுக்கொண்டு. கழுத்து மொட்டையாக. அப்போதுதான் காலையில் முழங்காலை முகர்ந்த ஆட்டில் என்ன குறைந்தது என்று தெரிந்தது. சத்தம் குறைந்தது. ராவ் பின்னால் திரும்பினார். "யாரது மணி ஆட்டுறது?"

"ஆட்டு மணிங்க சார்," என்றாள் தனபாக்கியம், முதுகுக்கு நேர் பின்னாலிருந்து. "வாரு அறுந்துபோச்சு, முந்தானியில முடிஞ்சு வச்சிருக்கேன். வண்டி நிக்கும்போது குலுங்குதில்ல, அதான்."

"பஸ்ஸுல வர்றதுக்கு அது ஒண்ணுதான் குறைச்சல். போப்பா, எடு."

எடுத்தான். மவுண்ட் ரோட்டில் ஏறினான். எதிரே ஒரு ஜட்கா, கிளட்ச், பிரேக், கிணிங். ஸ்டாப்பில் ஏறுவதற்கு ஆள் கை நீட்டுகிறான், பிரேக், கிணிங். வண்டி நிற்கும்போது குலுங்குகிறதாம். பொய். வண்டி குலுங்குவதற்கு முன்னாலேயே அடிக்கிறது. கால் பிரேக்கைத் தொட்ட அதே நொடியில், சில சமயம் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால், அது அடிக்கிறது. அவள் என் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெஞ்சுக்கு அடியில் குனிந்து, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவிலிருக்கிற சந்து வழியாக என் பூட்ஸையே பார்க்கிறாள். ராயப்பேட்டை மணிக்கூண்டுக்கு முன்னால் சைக்கிள்காரன் ஒருத்தன் சட்டென்று வளைந்தான், பொன்னுரங்கத்தின் குதிகால் நேராகக் கீழே இறங்கப் பார்த்தது, பழைய இடத்துக்கு, அவனுக்குத் தெரிந்தது அது இறங்குவது, வேறொருத்தன் கால் இறங்குவதைப் பார்ப்பது போலத் தெரிந்தது, மணி அடிக்கவில்லை. அடிக்காத அந்தச் சின்ன வெறுமையில் கால் தயங்கிற்று, தேடிற்று, நகர்ந்து பிரேக்கில் போய் விழுந்தது, கிணிங். ஆ, என்றது கால். சத்தியமாகச் சொல்கிறேன், பூட்ஸுக்குள்ளிருந்து அது ஆ என்றது, தொலைந்த வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி. இந்த மணி அந்த மணி இல்லைதான். அது தெருவை எழுப்புகிற வெண்கலம், இது ஆட்டுக் கழுத்துப் பித்தளை. காலுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது போலிருக்கிறது. மிதித்தால் மணி. போதும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கால் தானே போயிற்று, கேட்காமலே, பலகாரக் கடைக்கு இழுக்கிற குழந்தை மாதிரி. சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனான். திட்டட்டும். திட்டுகிறதற்கு வாய் மிச்சம் இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய விஷயம். எத்தனை வாய், எத்தனை கால், எத்தனை தலைமேல் கூடை, இந்தத் தெரு எவ்வளவு உயிரை வைத்துக்கொண்டு நெரிகிறது. டிராமில் நின்றபோது இதெல்லாம் விலகுகிற கூட்டமாகத்தான் தெரிந்தது, இப்போது ஒவ்வொன்றும் ஒரு முகம்.

லஸ் வந்தது. எஞ்சினை அணைத்தான். அப்பாடா என்று எழுந்தான், நடந்தான். பெஞ்சுகளுக்கு நடுவே, வழிவிடச் சொல்லி முழங்கால்களைத் தள்ளிக்கொண்டு, பின்பக்கமாக. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். கடைசி ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரோடு. கைப்பிடி இல்லை, மணி இல்லை, ஒன்றும் இல்லை. டிராமுக்கு முன்னும் பின்னும் கிடையாது பாருங்கள். கடைசி ஸ்டாப்பில் வண்டியைத் திருப்புவதில்லை. கம்பைத் திருப்பி மாட்டுவான் கண்டக்டர், கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு அந்தக் கோடிக்கு நடப்பான் டிரைவர், பின்பக்கம் முன்பக்கம் ஆகிவிடும். லஸ் என்றால் எழுந்து நட. அதுவும் உடம்புக்குள் இருக்கிறது.  அப்புறம் எத்திராஜ் வெடித்தான், அவனைத் தொடர்ந்து அத்தனை பேரும். "இன்னா வாத்யாரே, பின்னால குந்தி ஓட்டப்போறியா? ராவ் சாரயும் தூக்கினு போயேன்!" பொன்னுரங்கத்துக்குக் காது மடல் எரிந்தது. தீர்ந்தது. இதோடு சரி. ராவ் முன்னால் சீட்டில் திரும்பி உட்கார்ந்து அவனைப் பார்த்தார். "என்னப்பா?"

"பின் டயர் சார். காத்து எறங்கின மாதிரி..."

"எறங்கியிருக்கா?"

ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது போல் பார்த்தான். "இல்ல சார். நல்லா கீது."

ராவின் மீசைக்கு அடியில் என்னவோ நெளிந்தது, சிரிப்போ சந்தேகமோ. எல்லாரும் இறங்கிக் கால் நீட்டிக்கொண்டார்கள், டீ குடித்தார்கள். தனபாக்கியம் மட்டும் டிராம் ஸ்டாப் பக்கம் போய்க் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கீழே கிடந்த டிக்கெட்டுகள். ஆட்டுக்கு. நான் இங்கே செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு ஆடு என்று பொன்னுரங்கம் நினைத்தான். ஆனால் கோபம் வரவில்லை. திரும்பிப் போகிற வழி இன்னும் பாக்கி. மணி அடிக்கிறவரைக்கும் பயமில்லை. அவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறவரைக்கும் பயமில்லை. நாளைக்கு? நாளைக்கு அவள் எப்படி உட்காருவாள்? நாளைக்குப் பெஞ்சில் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாச்சியும் உட்காருவார்கள். நாளையை நினைக்காதே. எல்லாரும் ஏறிவிட்டார்களா? தனமும் ஏறிவிட்டாளா? ஏறிவிட்டாள், பழைய இடத்திலேயே, முந்தானையை இறுக்கி முடிந்துகொண்டு. எடு.

திரும்புகிற வழியில் வெயில் நேர் எதிரே வந்தது. பெரியாத்தாவின் வயசுக்காரி டிராம் ஒன்று எதிர்த் தடத்தில் நிறைசுமையாகப் போயிற்று, அதன் டிரைவர் கை தூக்கினான், பொன்னுரங்கமும் தூக்கினான். டிராமின் மணி டணார் என்றது, வலது கால் பூட்ஸுக்குள் துடித்துத் திரும்பிப் பார்த்தது. கூப்பிடாதே, என்றான் டிராமிடம், இவன் இப்போதுதான் புது வீட்டில் கால் வைத்திருக்கிறான். ஸ்டாப், மிதி, கிணிங். ஸ்டாப், மிதி, கிணிங். எவ்வளவு லேசாகப் போகிறது. இந்த மூக்கு நீண்ட மிருகம் எவ்வளவு சாதுவாகக் கேட்கிறது. ஏலக்கடைகள் இருக்கிற வளைவில் திரும்பினான். திரும்பினால் எதிரே ஒரு பஸ். நடுரோட்டில், அவனுக்கு நேராக, அவனை நோக்கி, வெயிலைப் பிடரி மாதிரி சிலிர்த்துக்கொண்டு வருகிறது. அடேயப்பா. எத்தனை பெரிசு. எத்தனை அழகு. நெற்றியில் கம்பெனிப் பேர், கீழே வெள்ளிப் பல் மாதிரி கம்பிகள், இரண்டு பெரிய கண், வருகிற வரத்தில் தெருவே சுருங்கி இரண்டு பக்கமும் ஒதுங்குகிறது. அதற்குள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், காக்கிச் சட்டை போட்டு ஒரு சின்ன மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். பாவம், இவ்வளவு பெரிய வண்டியில் இத்தனூண்டு மனுஷன். அவனை எங்கேயோ பார்த்திருக்கிறேன். அப்பா ஜாடை. அப்பா எப்போது பஸ் ஓட்டினார்? அந்தப் பஸ்ஸுக்குக் கீழே நான்கு கால்கள் முளைத்திருந்தன, மனுஷக் கால்கள், வெறுங்கால்கள், குறுக்கே நடக்கிற கால்கள். கண்ணாடி. ஏலக்கடையிலிருந்து இரண்டு கூலிகள் ஒரு நிலைக்கண்ணாடியைக் குறுக்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் தெரியமாட்டேன். எனக்கு அவர்கள் தெரியமாட்டார்கள், கால் மட்டும்தான். அந்தச் சின்ன மனுஷன் என்னைப் பார்த்து எதையோ கத்துகிறான், நானும் கத்துகிறேன், குதிகால் எழும்பிவிட்டது, மேலே போய்விட்டது, எங்கே இறங்கப்போகிறது, அப்பா, எங்கே இறங்கப்போகிறது...

கிணிங்.

நல்ல தெளிவாய்க் கேட்டது. எந்தத் தடவையும் அவ்வளவு தெளிவாய்க் கேட்டதில்லை, காதுக்குள் வைத்து அடித்தாற்போல. கண்ணாடிக்குள் இருந்த பஸ் நின்றது. மூக்கோடு மூக்கு, ஒரு கை அகலம், அவ்வளவுதான் இடைவெளி. எஞ்சின் கக்கிய ஆவி கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, உள்ளே இருந்த சின்ன மனுஷன் மெதுவாக மறைந்துபோனான்.  கண்ணாடிக்கு மேலே ஒரு தலைப்பாகை எட்டிப் பார்த்தது. "இன்னா நைனா," என்றது அந்தத் தலைப்பாகை, "தல சீவிக்கணுமா? சீவிக்கினு போ, நாங்க புடிச்சுனு நிக்கிறோம்." பஸ் பூராவும் சிரித்தது. பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. தன் காலைப் பார்த்தான். அது பிரேக்கின் மேல் முழு பலத்தோடு உட்கார்ந்திருந்தது, விடமாட்டேன் என்று. அதைத் தொட்டுக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

ஷெட்டில் இறங்கினதும் ராவ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கண்ணாடிக்காரனுங்க உனக்கு மாலை போடணும்பா. கையும் நல்லாருக்கு, காலும் நல்லாருக்கு. நாளைக்கு மயிலாப்பூர் வண்டிக்கு வந்துடு." போகிற போக்கில் திரும்பி, "பின் டயருக்குக் காத்துப் பாத்துக்கோ," என்றார், மீசை நெளிய. எத்திராஜ் முதுகில் ஒரு அறை விட்டான். யார் யாரோ கை குலுக்கினார்கள். பொன்னுரங்கத்தின் கண் தனபாக்கியத்தைத்தான் தேடிற்று. நாளைக்கு, நாளைக்கு என்று உள்ளே ஒன்று முள்ளாய் நின்றது. அவள் பஸ்ஸின் நிழலில் குந்தியிருந்தாள், ஆடு அவள் முந்தானையை முட்டிக்கொண்டிருந்தது.

"தனம்," என்றான், குரலைத் தாழ்த்தி. "அந்தக் கண்ணாடி வந்துச்சே, அப்ப சரியான நேரத்துல அடிச்சேம்மே. அந்த மணி மட்டும் இல்லாங்காட்டி ரெண்டு உசுரு போயிருக்கும். நாளைக்கு நான் இன்னா பண்ணுவேன்? மணிய எங்கிட்ட குடுத்துடேன், எங்கனாச்சும் கட்டி வச்சுக்கிறேன்."

தனபாக்கியம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள். "எப்ப அடிச்சேன்?"

"கண்ணாடிக்கு. நல்லா கேட்டுச்சே."

"திரும்பி வர்ற வழியில ஸ்டாப்புல எல்லாம்?"

"எல்லாத்துலயும் கேட்டுச்சே! இன்னா வெளயாடுறியா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து மணியை எடுத்து அவன் கண்ணுக்கு நேராகத் தலைகீழாய்ப் பிடித்தாள். அதன் வாய் தெரியவில்லை. நாக்குத் தெரியவில்லை. உள்ளே கொள்ளுமட்டும் டிக்கெட்டுகள், லஸ்ஸில் டிராம் ஸ்டாப்பில் பொறுக்கினாளே அந்த டிக்கெட்டுகள், கசக்கிக் கசக்கி, விரலால் குத்திக் குத்தி, மணியின் நாக்கு அசைய இடமில்லாமல் இறுக்கி அடைத்திருந்தது. ஆட்டிக் காட்டினாள். சத்தமே இல்லை. லஸ்ஸிலிருந்து ஷெட்டு வரைக்கும் அந்த மணி அடிக்கவேயில்லை. பொன்னுரங்கம் மணியைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், ஷெட்டு பூராவும் வரிசையாய் நின்ற அத்தனை வண்டிகளையும் பார்த்தான். அப்புறம், மாடி பஸ்ஸுக்கு எல்லாரும் கழற்றினார்களே அதுபோல, ஏன் என்று தெரியாமலே குனிந்து பூட்ஸைக் கழற்றினான்.

தனபாக்கியம் மணிக்குள் விரலை விட்டு டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து ஆட்டுக்குக் கொடுத்தாள். எல்லாம் தீர்ந்ததும் மணியைக் காதோரம் வைத்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாள். கிணிங் என்றது. அதைக் கொண்டுபோய் ஆட்டின் கழுத்தில் கட்டினாள்.